உங்களுக்குத் தெரியுமா? கன்டெய்னர் எண்ணும் பிட்காயின் முகவரியும்

● எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தை நோக்கி டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும்போது, மேலே ஏற்றியிருக்கும் கன்டெய்னரின் கதவைப் பாருங்கள். நான்கு ஆங்கில எழுத்துகள், ஆறு இலக்கங்கள், கடைசியில் சின்னக் கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். அந்த ஒற்றை இலக்கத்தை யாரும் இஷ்டப்படி எழுதுவதில்லை. முன்னால் இருக்கும் பத்தையும் கணக்குப் போட்டால் வரும் விடை அது. ஐஎஸ்ஓ 6346 என்ற உலகத் தரம் இந்தக் கணக்கை வகுத்திருக்கிறது.

கணக்கு இதுதான். எழுத்துகளுக்கு 10 முதல் 38 வரை மதிப்பு உண்டு. 11, 22, 33 மட்டும் விடப்படும். முதல் இடத்தில் இருப்பதை 1ஆல், அடுத்ததை 2ஆல், பிறகு 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் பத்தாவதை 512ஆல் பெருக்க வேண்டும். மொத்தத்தைக் கூட்டி 11ஆல் வகுத்தால் நிற்கும் மீதிதான் கட்டத்துக்குள் போகும். சி, எஸ், கியூ, யூ, 305438 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. கேட்டில் உட்கார்ந்திருப்பவர் அவசரத்தில் 54ஐ 45 என்று மாற்றி அடித்தால் தொகை 6249 ஆகும், மீதி 1. கட்டத்தில் 3 இருக்கிறது, கணக்கில் 1 வருகிறது. கணினி அந்த எண்ணை ஏற்காது.

● நம் ஊர் பின்கோடுக்கு இந்தக் காவல் கிடையாது. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த ஆறு இலக்க எண் அது. ராயபுரம் 600013. கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறினால் 600031, சேத்துப்பட்டு. திருவொற்றியூர் 600019. மாற்றி எழுதினால் 600091, மடிப்பாக்கம். இரண்டுமே உண்மையான ஊர்கள் என்பதால் எண்ணை மட்டும் பார்த்துத் தப்பைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் கடிதம் தொலைவதில்லை. தெருப் பெயரைப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்ப ஒரு தபால்காரர் இருக்கிறார்.

● பிட்காயினில் அப்படித் திருப்பி அனுப்ப யாரும் இல்லை. அதனால்தான் முகவரிக்குள்ளேயே சரிபார்ப்பு வைத்திருக்கிறார்கள். 1 என்ற இலக்கத்தில் தொடங்கும் பழைய வகை முகவரியில் 58 எழுத்துருக்கள்தான் பயன்படும். சுழியம், பெரிய ஓ, பெரிய ஐ, சிறிய எல் ஆகிய நான்கும் பார்வைக்குக் குழப்பம் தரும் என்று நீக்கப்பட்டவை. ஓர் எழுத்து பிசகினாலும் அந்த முகவரி செல்லுபடியாகிவிட 400 கோடியில் ஒரு வாய்ப்புதான் இருக்கிறது.

பி, சி, 1 என்று தொடங்கும் புதிய வகையை 2017இல் பீட்டர் வைல், கிரெக் மேக்ஸ்வெல் இருவரும் முன்வைத்தார்கள். எல்லாம் சிறிய எழுத்து, பொதுவாக 42 எழுத்துருக்கள். கடைசி ஆறும் சரிபார்ப்புக்கென்றே ஒதுக்கியவை. நான்கு இடங்கள் வரை தவறாக அடித்தாலும் வாலட் செயலி உறுதியாகக் கண்டுபிடித்துவிடும்.

● சரி, எண் சரியாக இருக்கிறது. ஆனால் அது உங்களுடையதா?

கன்டெய்னர் யார்டில் வேலை செய்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வேறொரு பெட்டியின் உண்மையான எண்ணை உங்கள் காகிதத்தில் எழுதிக்கொடுத்தால் சரிபார்ப்பு இலக்கம் அழகாகப் பொருந்தும். கணக்கால் பிடிக்க முடிவது கைப்பிசகை மட்டும். ஏமாற்றைப் பிடிக்க முடியாது. அதற்காகத்தான் சீல் எண்ணையும் வண்டி எண்ணையும் ஆவணத்தோடு ஒத்துப் பார்க்கிறார்கள். கிரிப்டோவில் அந்த இரண்டாவது சோதனையைச் செய்ய உதவும் பொருள் ஹார்டுவேர் வாலட். இதை வாங்கும் பலர் ‘காயினைப் பூட்டி வைக்கும் பெட்டி’ என்று நினைத்து வாங்குகிறார்கள். அந்த நினைப்பிலிருந்துதான் பாதித் தவறுகள் கிளம்புகின்றன.

● ஹார்டுவேர் வாலட்டுக்குள் ஒரு காயின்கூட இல்லை. காயின்களின் கணக்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் பகிரங்கமாக இருக்கிறது. கருவிக்குள் இருப்பது, காயினை அனுப்பக் கையெழுத்திடும் ரகசியச் சாவி மட்டும். முதன்முதலில் கடைக்கு வந்த டிரெசர் கருவி 2014இல் செக் நாட்டின் பிராக் நகரிலிருந்து வந்தது. அதே ஆண்டு பிரான்சில் லெட்ஜர் நிறுவனம் தொடங்கியது. கருவியை யாராவது எடுத்து பின் நம்பரை முயன்று பார்த்தால், லெட்ஜர் மூன்று தவறோடு தன் உள்ளடக்கத்தை அழித்துக்கொள்ளும். டிரெசர் இன்னும் சில தவறுகளைப் பொறுக்கும்.

● கருவிக்குள் சாவி மட்டுமே இருப்பதால், பணம் வாங்குவதற்குக் கருவி செருகியிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அது உங்கள் வீட்டு அலமாரியில் அணைந்து கிடக்கலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம். முகவரியைக் கொடுத்திருந்தால் போதும், பணம் வந்து சேரும். அனுப்பும்போதுதான் கையெழுத்துப் போடக் கருவி தேவை.

● இந்தக் கருவி வாங்கிய பலரைப் பதறவைப்பது ஒரே விஷயம்: நேற்று கொடுத்த முகவரி இன்று காணவில்லை! பணம் வந்ததும் வாலட் செயலி தானாகவே புது முகவரியைக் காட்டும். பழைய முகவரிக்கு மறுபடி யாராவது அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று தூக்கம் கெட்டுப்போகிறது.

ஒன்றும் ஆகாது. பழைய முகவரிக்குக் காலாவதி கிடையாது. எத்தனை முகவரி வந்தாலும் எல்லாம் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. கருவி முதல் நாள் தனக்குள் ஒரு பெரிய எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கிறது. அதை 12 அல்லது 24 சொற்களாக உங்களுக்குக் காட்டி எழுதி வைக்கச் சொல்கிறது. அந்தச் சொற்களிலிருந்து தாய்ச் சாவி, தாய்ச் சாவியிலிருந்து கிளைச் சாவிகள், ஒவ்வொரு கிளைச் சாவிக்கும் ஒரு பொதுச் சாவி, அதைச் சுருக்கி அரைத்தால் ஒரு முகவரி. இந்தக் கணக்கு எப்போது போட்டாலும் அதே வரிசையில் அதே முகவரிகள்தான் வரும். 2012இல் பீட்டர் வைல் எழுதிய பிப் 32 என்ற முன்மொழிவு இதன் அடிப்படை.

புதிது புதிதாகக் காட்டுவதற்குக் காரணம் உங்கள் அந்தரங்கம். பிட்காயின் கணக்கேடு எல்லோருக்கும் திறந்தது. ஒரே முகவரியைக் கடைக்காரருக்கும் மைத்துனருக்கும் கூட்டாளிக்கும் கொடுத்தால், மூவருமே உங்களுக்கு எவ்வளவு வந்தது, எப்போது வந்தது என்று வரி வரியாகப் பார்க்கலாம்.

● ஒரு கிளையில் எத்தனை முகவரிகள் இருக்கும்? 214,74,83,648. அதாவது 214 கோடிக்கு மேல். தீர்ந்துவிடுமோ என்று கவலை வேண்டாம்.

● ஆனால் 20 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். கருவி தொலைந்து, புதுக் கருவியில் சொற்களை அடித்து மீட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செயலி முதல் முகவரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பணம் வந்ததா என்று பார்த்துக்கொண்டே போகும். தொடர்ந்து 20 முகவரிகள் காலியாக இருந்தால் ‘இதற்கு மேல் ஒன்றுமில்லை’ என்று நிறுத்திவிடும். 2014இல் வந்த பிப் 44 வகுத்த எல்லை இது. வியாபாரி ஒருவர் 30 வாடிக்கையாளருக்கு 30 முகவரி கொடுத்து, 28ஆவது ஆள் மட்டும் பணம் போட்டிருந்தால், மீட்ட பிறகு இருப்பு பூஜ்யம் என்று காட்டும். பணம் எங்கும் போய்விடவில்லை. செயலியின் அமைப்பில் இந்த எல்லையைக் கூட்டினால் வந்துவிடும்.

● உங்கள் முகவரியில் 1 பிட்காயின் ஒரே வரவாக இருக்கிறது. அதில் கால் பங்கை அனுப்புகிறீர்கள். மீதி முக்கால் அதே முகவரியில் இருக்காது. முழுவதும் கிளம்பிப் போய், கட்டணம் போக மிச்சம் உங்களுடைய இன்னொரு முகவரிக்குச் ‘சில்லறை’யாகத் திரும்பி வரும். வாங்குவதற்கு ஒரு கிளை, சில்லறைக்கு ஒரு கிளை என்று வாலட் தனித்தனியே வைத்திருக்கிறது. அந்தச் சில்லறை முகவரி தன்னுடையதுதானா என்பதைக் கருவியே சரிபார்த்துக்கொள்ளும்.

● இனி அந்தச் சின்னத் திரையைப் பற்றி. இதற்கு மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2017இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் கிரிப்டோ ஷஃப்லர் என்ற தீநிரலைப் பற்றி எச்சரித்தது. அது உங்கள் கணினியில் சத்தமில்லாமல் காத்திருக்கும். நீங்கள் ஒரு முகவரியை காப்பி செய்த நொடியில் அதைத் திருடனின் முகவரியாக மாற்றிவிடும். நீங்கள் பேஸ்ட் செய்வது அவனுடையது. அந்த முகவரியும் செல்லுபடியானதுதான். சரிபார்ப்புக் கணக்கு அதற்கும் கச்சிதமாகப் பொருந்தும். எந்தச் செயலியும் தடுக்காது. இதே வேலையைக் கணினித் திரையில் காட்டும் முகவரியிலும் க்யூஆர் கோடிலும்கூடச் செய்ய முடியும்.

ஹார்டுவேர் வாலட்டின் திரை கணினி சொல்வதை அப்படியே நம்பிக் காட்டுவதில்லை. ‘முகவரியைச் சரிபார்’ என்று அழுத்தினால், கருவி தன்னுள்ளே இருக்கும் சாவியிலிருந்து அந்த முகவரியைத் தானே புதிதாகக் கணக்கிட்டுத் தன் திரையில் காட்டுகிறது. கணினியில் தீநிரல் புகுந்திருந்தாலும் இந்தத் திரையில் இருப்பது உங்கள் முகவரிதான். இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே அதை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். கருவியைச் செருகாமல் பணம் வாங்க முடியும் என்று முன்பு சொன்னேன். முகவரியைக் கொடுக்கும் நேரத்தில் மட்டும் செருகிப் பார்த்துவிடுங்கள் என்று இப்போது வற்புறுத்துகிறேன். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அத்தனை ரூபாய் கொடுத்து அதை வாங்கியிருக்கிறீர்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகும் வேலை முடியவில்லை. எதிரில் இருப்பவரின் போனில் மாறியிருக்கலாம். பெரிய தொகை என்றால் போன் செய்து எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். முதலில் சிறு தொகை அனுப்பச் சொல்லி, வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு மீதியை வாங்குவது இன்னும் நல்லது.

● முகவரியின் முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் பார்த்தால் போதும் என்பார்கள். போதாது. 2024 மே மாதம் ஒருவர் இப்படித்தான் 1,155 பிட்காயின் மதிப்புள்ள டோக்கன்களைத் தவறான முகவரிக்கு அனுப்பினார்; ஏறத்தாழ 7 கோடி டாலர். திருடன், அவர் வழக்கமாக அனுப்பும் முகவரியைப் போலவே தொடக்கமும் முடிவும் கொண்ட ஒரு முகவரியைக் கணினியால் உருவாக்கி, அவருடைய பரிவர்த்தனைப் பட்டியலில் அது தெரியும்படி ஒரு வரவைத் திணித்திருந்தான். அவர் பட்டியலிலிருந்து காப்பி செய்தார். பிறகு பேச்சுவார்த்தையில் பணம் திரும்பி வந்தது அபூர்வமான அதிர்ஷ்டம். பழைய பட்டியலிலிருந்து முகவரியை எடுக்காதீர்கள்.

● வங்கியில் இந்தக் கவலை குறைந்து வருகிறது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் வங்கிகள் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பிட்காயின் முகவரிக்குப் பின்னால் பெயர் என்று ஒன்றே பதிவாகியிருப்பதில்லை.

● ஈத்தரியம் என்ற இன்னொரு கிரிப்டோவின் முகவரி வேறு ரகம். முன்னொட்டு போக 40 எழுத்துருக்கள். தொடக்கத்தில் அதற்குச் சரிபார்ப்பே இல்லை. 2016இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: எழுத்து பெரியதா சிறியதா என்பதையே சரிபார்ப்பாக்கிவிட்டார்கள். எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக மாற்றி எழுதினால் அந்தக் காவல் போய்விடும். இதில் ஒவ்வொரு வரவுக்கும் முகவரி மாறாது. ஒரு கணக்குக்கு ஒன்றுதான். மாறவில்லையே என்று கருவியைச் சந்தேகிக்க வேண்டாம்.

● எக்ஸ்ஆர்பி என்ற காயினை வாங்குபவர்களுக்கு: சொந்த வாலட் முகவரிக்கு வரவேண்டும் என்றால் முகவரி மட்டும் போதும். காயின்களை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் பல வாடிக்கையாளருக்கு ஒரே முகவரி. யாருடைய பணம் என்று பிரிக்க ‘டெஸ்டினேஷன் டேக்’ என்ற எண் தனியாக உண்டு. அதை விட்டுவிட்டால் பணம் எக்ஸ்சேஞ்சின் பொதுக் கணக்கில் போய் நிற்கும்.

● எக்ஸ்சேஞ்ச் உங்களுக்குக் கொடுக்கும் முகவரியின் சாவி எக்ஸ்சேஞ்சிடம்தான் இருக்கிறது. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருட்டுப் போனபோது இந்தியாவில் லட்சக்கணக்கானோர் இதைப் புரிந்துகொண்டார்கள். அந்த வாலட்டிலிருந்து பணம் எடுக்கப் பலர் கையெழுத்திட வேண்டும். அந்நிறுவனத்தில் கையெழுத்திட்டவர்கள் ஹார்டுவேர் வாலட்டுகளைத்தான் பயன்படுத்தினார்கள். இணையத் திரையில் காட்டியதும் உண்மையில் கையெழுத்தானதும் வேறு வேறு என்று முதற்கட்ட விளக்கத்தில் சொன்னது வசீர்எக்ஸ். திருட்டுக்குப் பின்னால் வட கொரியா இருப்பதாக அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன. அடுத்த மாதமே பைபிட் எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் போனது. அங்கேயும் திரையில் தெரிந்தது ஒன்று, கையெழுத்தானது வேறு.

● இந்த விவகாரத்தில் ஒரு முக்கியமான உத்தரவு நம் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்திலிருந்து வந்தது. பாரிமுனையில் இருக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தில், வசீர்எக்ஸில் 3,532.30 எக்ஸ்ஆர்பி வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர், திருட்டுக்குப் பிறகு தன் கணக்கு முடக்கப்பட்டதை எதிர்த்து வந்தார். களவு போனவை ஈத்தரியம் வகை டோக்கன்கள். அவருடையது அதில் இல்லை. 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ கரன்சி சொத்துதான் என்றும், உடைமையாக வைத்து அனுபவிக்கவும் நம்பிக்கைப் பொறுப்பாகப் பிறரிடம் வைக்கவும் கூடியது என்றும் சொல்லி இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். சாவி அடுத்தவர் கையில் இருக்கும்போது நமக்கு என்ன உரிமை மிஞ்சும் என்ற கேள்விக்கு நம் ஊரிலிருந்து கிடைத்த தெளிவான பதில் இது. என் பார்வையில் சிறுசேமிப்புக்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

● கருவி எழுதி வைக்கச் சொல்லும் அந்த 12 அல்லது 24 சொற்களும் 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருபவை. கடைசிச் சொல்லுக்குள் இங்கேயும் ஒரு சரிபார்ப்பு ஒளிந்திருக்கிறது. 12 சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து அடுக்கினால் 16இல் ஒருமுறைதான் கருவி ஏற்கும். ஜப்பானியம், கொரியம், செக், போர்த்துகீசியம் உட்பட சில மொழிகளில் அதிகாரபூர்வப் பட்டியல் உண்டு. தமிழில் இல்லை. ஆங்கிலம் தடுமாறும் ஒருவர் தன் சேமிப்பின் ஒரே காப்பை அயல்மொழிச் சொற்களாக எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. 2,048 தமிழ்ச் சொற்களைத் தேர்ந்து ஒரு பட்டியல் அமைப்பது நம் கல்லூரி மாணவர்களால் செய்யக்கூடிய காரியம்; யாராவது முன்வர வேண்டும்.

● சொற்களோடு கூடுதலாக ஒரு ரகசியச் சொல்லும் சேர்க்கலாம். இதில் ‘தவறான சொல்’ என்று ஒன்று கிடையாது. ஓர் எழுத்து மாறினால் கருவி முறையிடாது. முற்றிலும் வேறு முகவரிகள் கொண்ட காலி வாலட்டைத் திறந்து காட்டும். முதல் முகவரியைத் தனியாகக் குறித்து வைத்திருந்தால் சரியான வாலட்தானா என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

● கடையில் பணம் வாங்க ஊழியரிடம் கருவியைக் கொடுக்க வேண்டாம். ‘எக்ஸ்பப்’ எனப்படும் விரிந்த பொதுச் சாவியைக் கடைக் கணினியில் போட்டுவைத்தால், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புது முகவரி தரலாம், வரவையும் பார்க்கலாம். ஒரு பைசாகூட எடுக்க முடியாது. ஆனால் அது வெளியே கசிந்தால் உங்கள் முழு வரவு செலவும் ஊருக்குத் தெரியும். அதோடு ஒரு கிளையின் ரகசியச் சாவியும் சேர்ந்து கசிந்தால், அந்தக் கணக்கின் எல்லாக் கிளைகளும் திறந்துவிடும்.

● எந்த முகவரியில் எப்போது எவ்வளவு வந்தது என்று நோட்டில் எழுதி வையுங்கள். கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி. விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் அதே ஆண்டு ஜூலை முதல்.

● 2020இல் லெட்ஜர் வாடிக்கையாளர்கள் சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் எண் ஆகியவை இணையத்தில் வெளியாயின. சாவிகள் கசியவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே சிலருக்குத் தபாலில் போலிக் கருவிகள் வந்தன, ‘பழையதை மாற்றிக்கொள்ளுங்கள்’ என்ற கடிதத்தோடு. கருவியை வாங்கும்போது தயாரித்தவரிடமிருந்தோ அவர் அங்கீகரித்த கடையிலிருந்தோ மட்டும் வாங்குங்கள். பிரித்துப் பார்க்கும்போது சொற்கள் ஏற்கெனவே அச்சடித்து உள்ளே இருந்தால் அது திருடனின் கருவி. அதில் தெரியும் முகவரி எல்லாம் அவனுடையது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

● தவறான முகவரிக்குப் போன காயினை வங்கியோ அரசோ கருவி நிறுவனமோ திருப்ப முடியாது. ஆனால் திருடன் அதை ரூபாயாக்க ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்தால் அங்கே முடக்க வாய்ப்பு உண்டு. அதற்கு நேரம்தான் முக்கியம். ஏமாந்தது தெரிந்தவுடன் பரிவர்த்தனை எண்ணையும் திருடனின் முகவரியையும் குறித்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.